இனவெறி நோயா, பாவமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு இறங்கும்போது, கல்லூரியில் மனநூல் பயிலும் நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத்! கறுப்பன், வெள்ளையன், உயர்ந்த சாதி, தாழ்ந்த சாதி என்று மனிதனை வெறுப்பது ஒரு மனநோய் என்று அமெரிக்காவில் சில டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்களாம். மனநோய் என்றால், அவன் மீது குற்றம் இல்லை என்று ஆகிவிடாதா? மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது?"

நல்ல கேள்வி. நின்றபடியே பதில் சொல்லி அனுப்பிவிடக் கூடிய கேள்வியல்ல. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலில் நமக்கும் ஒரு பங்கு இருந்தபடியால், எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறோம்.

டாக்டர்கள் சொன்னது

முதலில் செய்தியைச் சரியாகத் தெரிந்து கொள்வோம். ஆல்வின் புஸான்ட் என்பவர் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த கறுப்பினத்தவர். 1960-களில் மிஸிஸிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடியபோது, அங்கே சென்று போராட்டக்காரர்களுக்கு மருத்துவம் செய்தவர். அந்தக் காலத்தில் நிறத்தின் பெயரால் நடந்த கொலைகளைக் கண்டு மனம் வெதும்பிய கறுப்பின மனநல மருத்துவர்கள், எல்லை மீறிய இனவெறியை ஒரு மனநோயாக அறிவிக்கும்படி அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தைக் கேட்டார்கள். சங்கம் மறுத்துவிட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள்: அந்நாட்டில் இனவெறி பிடித்தவர்கள் அவ்வளவு ஏராளமாம், ஆகவே அது நோயாகாது, அந்தச் சமுதாயத்தின் வழக்கம்தானாம்! ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் என்றால் காய்ச்சலே இல்லை என்று சொல்லும் வைத்தியரை நாம் என்னவென்போம்?

புஸான்ட் விடவில்லை. 1999-இல் நியூயார்க் டைம்ஸ் ஏட்டிலும், 2002-இல் ஒரு மருத்துவ இதழிலும் மீண்டும் இதையே எழுதினார். ஆனாலும் இன்றுவரை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இனவெறி இடம் பெறவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இதே அமெரிக்காவில் 1851-இல் ஸாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர் ஒரு புதிய மனநோயைக் "கண்டுபிடித்தார்". எஜமானனிடமிருந்து அடிமை தப்பி ஓட நினைப்பதுதான் அந்த நோய்! அதற்குச் சவுக்கடியை மருந்தாக எழுதினார். விடுதலை விரும்பியவன் நோயாளி. அவனைச் சங்கிலியில் பூட்டியவன் ஆரோக்கியசாலி! யார் நோயாளி என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஆதிக்கக்காரர்களின் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒன்றே போதும். நம் நாட்டில் 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருடைய இனம், மதம், சமூக நிலை ஆகியவற்றை வைத்தோ, ஊரார் கொள்கைக்கு ஒத்துப் போகவில்லை என்பதற்காகவோ அவரை மனநோயாளி என்று முடிவு கட்டக் கூடாது என்று சொல்வதும் இத்தகைய அநியாயங்களைத் தடுக்கத்தான்.

எழுதுகோல் யாருக்கு உயர்த்தப்பட்டது?

இனி மார்க்கத்திற்கு வருவோம். மூன்று பேரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். விழிக்கும் வரை தூங்குபவர், பருவமடையும் வரை சிறுவர், புத்தி தெளியும் வரை பைத்தியம் பிடித்தவர். இவர்களுடைய செயல்கள் பாவமாக எழுதப்படுவதில்லை. தொழுகையே கடமையில்லாதபோது, அவர்களிடம் வேறெதைக் கேட்க முடியும்? நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. புத்தி பேதலித்து, தான் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் ஒருவன் செய்தது குற்றமாகாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவும் அதுவே.

இப்போது கேட்போம். சாதியின் பெயரால் வெட்டுகிறவன் தான் செய்வதை அறியாதவனா? 2016 மார்ச் 13-ஆம் தேதி, நம் தாராபுரத்துக்கு அருகிலுள்ள உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தின் அருகே, சங்கர் என்ற பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர் மணந்த பெண் வேறு சாதியைச் சேர்ந்தவர். உடனிருந்த அந்தப் பெண்ணும் வெட்டுப்பட்டார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுதலை செ்து, ஐந்து பேரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. வழக்கு மேலும் கீழும் சென்றபோதும், வெட்டியவர்களுக்குப் புத்தி பேதலித்திருந்தது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆயுதம் எடுத்துக் கொண்டு, நேரம் பார்த்து, ஆள் பார்த்து வந்தவர்கள் அவர்கள்.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: இனவெறி பைத்தியம் அல்ல. அதைப் பைத்தியம் என்று சொன்னால், அதைச் செய்தவனுக்கு மஹ்ஷரிலே ஒரு சாக்கைக் கையில் கொடுத்தவர்களாவோம். அவனுக்கு எழுதுகோல் உயர்த்தப்படவில்லை. அது எழுதிக் கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் அது நோய்தான்

அப்படியானால் நோய் என்பதே தவறா? இல்லை. நம் தமிழே அதை "வெறி" என்று சொல்கிறது. இனவெறி, சாதி வெறி, நிறவெறி என்கிறோம். நாய்க்குப் பிடிப்பதும் வெறிதான். கடிபட்டவனுக்கும் அது தொற்றும் என்பதை அறிந்துதான் நம் முன்னோர் அந்தச் சொல்லை இங்கே வைத்தார்களோ என்னவோ!

திருக்குர்ஆனும் நோய் என்ற சொல்லை இரண்டு விதமாக ஆளுகிறது. உடல் நோயாளியின் மீது குற்றமில்லை என்று அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் 17-ஆவது வசனம் சொல்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 10-ஆவது வசனமோ, நயவஞ்சகர்களின் உள்ளங்களில் ஒரு நோய் இருப்பதாகக் கூறி, அவர்களுக்குக் கடும் வேதனையையும் எச்சரிக்கிறது. உடலின் நோய்க்கு மன்னிப்பு. கல்பின் நோய்க்கு விசாரணை. ஏன் இந்த வேறுபாடு? உடலின் நோய் கேட்காமல் வருகிறது. கல்பின் நோயை மனிதன் தானே வளர்த்துக் கொள்கிறான். அதற்கு மருந்து எதிரிலே இருந்தும் குடிக்க மறுக்கிறான். அதனால்தான் அது ஒரே சமயத்தில் நோயாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

இந்த நோய் முதன்முதலில் யாருக்குப் பிடித்தது? ஆதம் (அலை) அவர்களுக்குப் பணியுமாறு ரப்புல் ஆலமீன் கட்டளையிட்டபோது, இப்லீஸ் மறுத்தான். அவன் சொன்ன காரணத்தை அல்அஃராஃப் அத்தியாயம் 12-ஆவது வசனத்தில் காணலாம். தான் நெருப்பினால் படைக்கப்பட்டவன், ஆதமோ களிமண்ணால் படைக்கப்பட்டவர். ஆகவே தான் மேலானவன் என்றான். பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பேசிய முதல் ஆள் அவன்தான். அவன் புத்தி கெட்டா பேசினான்? தர்க்கம் செய்தான்! ஆதமுடைய அறிவைப் பார்க்காமல், அவருக்குள் ஊதப்பட்ட ரூஹைப் பார்க்காமல், மண்ணை மட்டும் பார்த்தான். இன்றைக்கும் ஒரு மனிதனின் குணத்தைப் பார்க்காமல் நிறத்தையும் குலத்தையும் ஊரையும் பார்ப்பவன் எவனோ, அவன் அந்த இப்லீஸுடைய கண்ணாலேயே பார்க்கிறான். அல்லாஹ் காப்பாற்றுவானாக!

நம் வீட்டுக் கணக்கு

இதுவரை அமெரிக்காவையும் உடுமலைப்பேட்டையையும் பேசினோம். கேட்பதற்குச் சுகமாக இருந்திருக்கும், ஏனென்றால் நோயாளி வேறு யாரோ! சகோதரர்களே, இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

பெருமை என்ற கிப்ரு இன்னதென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே விளக்கம் தந்திருக்கிறார்கள். உள்ளத்தில் அணுவளவு பெருமை உள்ளவர் சுவர்க்கம் புகமாட்டார் என்று அவர்கள் சொன்னபோது, ஒருவர், நல்ல ஆடையும் நல்ல செருப்பும் அணிய விரும்புவதும் பெருமையா என்று கேட்டார். அது பெருமையல்ல, அல்லாஹ் அழகை விரும்புகிறவன் என்று சொல்லிவிட்டு, உண்மையை ஏற்க மறுப்பதும் மனிதர்களை இழிவாக நினைப்பதுமே பெருமை என்று தெளிவுபடுத்தினார்கள். இரண்டே அடையாளங்கள்! டாக்டர் இல்லாமல் நாமே நம்மைச் சோதித்துக் கொள்ளலாம்.

சகோதரிகளே! பெண் பார்க்கப் போகிறீர்கள். பிள்ளை குர்ஆன் ஓதுகிறாள், குணவதி, படித்தவள். திரும்பி வந்து என்ன சொல்கிறீர்கள்? "எல்லாம் சரி, கொஞ்சம் நிறம் கம்மி." அந்த ஒரு வார்த்தை அடுத்த வீட்டு வழியாக அந்தப் பெண்ணின் காதுக்குப் போய்ச் சேருகிறது. அதை அவள் எத்தனை நாள் சுமந்தாள் என்று யார் கணக்கு வைத்தது?

சகோதரர்களே! ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், தக்கனி என்கிறோம். தொழிலாலும் ஊராலும் பேச்சாலும் வந்த பெயர்கள் இவை. ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டோம், இறைவனிடம் மேன்மை தக்வாவினால்தான் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆவது வசனம் சொல்கிறது. அறிந்து கொள்ள வைத்த பெயரை நாம் அடைத்துக் கொள்ளும் கதவாக்கிக் கொண்டோமா, இல்லையா?

1981 பிப்ரவரி 19-இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் ஒன்றாகக் கலிமாச் சொன்னதை நாம் இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். அவர்கள் எதைத் தேடி வந்தார்கள்? மரியாதையைத் தேடி வந்தார்கள். இப்படி வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பல காலம் சான்றிதழில்கூட இடமில்லாமல் இருந்தது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் என்று அரசு வைத்திருந்த ஏழு பிரிவுகளில் எதிலும் அவர்கள் அடங்கவில்லை. 2024 மார்ச்சில்தான் அவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கொள்ளத் தமிழக அரசு ஆணையிட்டது. அரசாங்கத்தின் ஏடு கதவைத் திறந்துவிட்டது. நம் வீட்டுக் கல்யாணத்தின் கதவு? தீனிலே நேற்று வந்தவருடைய மகனுக்கு, அவர் தொழுகையாளி, நேர்மையாளர் என்று தெரிந்த பிறகும், நம்மில் எத்தனை பேர் பெண் கொடுக்கிறோம்?

கஞ்சிக் கோப்பை

இப்போது, நமக்கும் இதில் பங்கு உண்டு என்று தொடக்கத்தில் சொன்னோமே, அதைச் சொல்லி விடுகிறோம்.

திருப்பூரில் மட்டும் இருந்த பனியன் தொழில் இன்று தாராபுரம் வட்டாரத்துக் கிராமங்கள் வரை பரவிவிட்டது. பீஹார், ஜார்க்கண்ட், வங்காளம், ஒரிஸ்ஸா, அஸ்ஸாம் என்று தொலைவிலிருந்து பிள்ளைகள் வந்து தைக்கிறார்கள். அவர்களில் நம் சகோதரர்களும் உண்டு, பிற மதத்தவர்களும் உண்டு. இவர்களைப் பற்றி ஊரில் பேசும் பேச்சை நாம் கேட்காதவர்கள் அல்ல. "வடக்கன்" என்று ஒரு சொல். ஒரு பொருள் காணாமற் போனால் முதல் பார்வை அவர்கள் மீது. 2023 மார்ச்சில், வேறெங்கோ நடந்த சண்டைகளின் படங்களைத் தமிழ்நாட்டில் பீஹார்த் தொழிலாளிகளைக் கொல்லுகிறார்கள் என்று பொய்யாகப் பரப்பினார்கள். அது பொய்யென்று தமிழகக் காவல்துறை அறிவித்தது. பீஹார் அரசின் அதிகாரிகளே திருப்பூருக்கு வந்து விசாரித்துச் சென்றார்கள். அதற்குள் எத்தனையோ பேர் பயந்து ரயிலேறி விட்டார்கள். அந்தப் பொய் அத்தனை சுலபமாக நம்பப்பட்டது எதனால்? இரண்டு பக்கமும் முன்பே கசப்பு இருந்ததனால்தானே?

ஒரு ரமலானில் நம் கண்ணெதிரே நடந்தது இது. நோன்பு திறக்கும் நேரம். பள்ளித் தாழ்வாரத்தில் ஊர்க்காரர்கள் ஒரு வரிசை. கம்பெனிப் பிள்ளைகள் வாசலோரம் ஒரு வரிசை. ஊர்க்காரர்களுக்குப் பீங்கான் கோப்பையில் கஞ்சி. அவர்களுக்குக் காகிதக் கப்பில். கேட்டால், "ஆள் அதிகம், கழுவி மாளாது" என்ற பதில் தயாராக இருந்தது. அன்று கப் தீர்ந்துவிட்டது. ஒரு பிள்ளை, பதினெட்டு வயதிருக்கும், வெறுமனே நின்றார். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் இருந்தன. அவர் ஒன்றை எடுக்கக் கை நீட்டினார். ஊற்றிக் கொண்டிருந்தவர், "அது உங்களுக்கில்லப்பா" என்றார். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் முழுவதும் தெரியாது. ஆனால் அது புரிந்துவிட்டது. கையை எடுத்துக் கொண்டார். பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பைத் திறந்துவிட்டு மஃரிபுக்கு ஸஃப்பில் நின்றார், நம் தோளோடு தோள் உரசி.

நம் கொங்கு நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைப் பற்றி மேடையில் நாம் பேசியிருக்கிறோம். இஸ்லாத்தில் இரட்டைக் குவளை இல்லை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவர்கள் நாம். அன்று நம் கையில் பீங்கான் கோப்பை இருந்தது. அதை அவரிடம் கொடுத்திருக்கலாம். "இங்கே வந்து உட்காருங்கள் தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாங்கு சொல்லியாயிற்று, தொழ வைக்க வேண்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்தோம். மறுநாள் அந்தப் பிள்ளை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. விசாரித்தபோது வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார் என்றார்கள். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. அடியானின் உரிமையில் செய்த குறைக்கு அந்த அடியானே மன்னிக்க வேண்டும் என்பதைப் பிறருக்குப் போதிக்கிற நமக்கே இந்த நிலை.

அந்தப் பள்ளியில் அன்று பைத்தியக்காரர் ஒருவரும் இல்லை. எல்லோரும் நோன்பாளிகள்.

மருந்து

அந்த நிலையிலுள்ள நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதலும் மருந்தும் ஒரே ஹதீதில் கிடைக்கின்றன. ஹஜ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் யார்? முற்கால முஸ்லிம்களில் ஒருவர், உலகப் பற்றற்றவர். அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசிவிட்டார்கள். அந்தத் தாய் அரபியரல்லாத பெண். செய்தி நபிகளாருக்கு எட்டியதும், உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறதே என்று கண்டித்தார்கள். இந்த முதிய வயதிலுமா என்று அபூதர் (ரலி) கேட்க, ஆம் என்றார்கள். பார்த்தீர்களா? ஈமான் கொண்டு, ஹிஜ்ரத் செய்து, வயதும் முதிர்ந்த ஒரு ஸஹாபியின் கல்பிலும் அதன் வேர் ஒளிந்திருக்க முடியும் என்றால், நம்மிடம் இல்லை என்று யார் நெஞ்சைத் தட்டிச் சொல்வது?

கண்டனத்தோடு நிறுத்தவில்லை. உங்கள் கைக்குக் கீழே உள்ளவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுத்துவதை உடுத்தக் கொடுங்கள், தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்று மருந்தையும் சொன்னார்கள். அபூதர் (ரலி) அவர்கள் அதைக் குடித்தார்கள். பின்னாளில் ரபதா என்ற இடத்தில் அவர்களைக் கண்டவர், எஜமானரும் பணியாளரும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருப்பதைக் கண்டு வியந்து காரணம் கேட்டார். அதற்குப் பதிலாகத்தான் அவர்கள் தம் குற்றத்தைத் தம் வாயாலேயே சொன்னார்கள். அதனால்தான் அந்த ஹதீது நம் கைக்குக் கிடைத்தது.

உணவு, உடை, வேலை. மனத்தின் நோய்க்குக் கைக்கும் வாய்க்கும் மருந்து எழுதப்பட்டிருக்கிறது. உலகத்துக்கே பனியன் தைத்துக் கொடுக்கும் ஊர்க்காரர்களாகிய நமக்கு இதைவிடத் தெளிவாக வேறெப்படிச் சொல்வது? நாம் உடுத்துவதைத் தைத்தவர்களே அவர்கள்!

இந்த மருந்து வேலை செய்வதற்கு நம் காலத்திலும் சாட்சி உண்டு. வெள்ளையர் அனைவரும் ஷைத்தான்கள் என்று மேடைதோறும் முழங்கிய அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், 1964-இல் ஹஜ்ஜுக்குச் சென்றார். அங்கே நீலக் கண்ணும் வெள்ளைத் தோலும் உடைய முஸ்லிம்களோடு ஒரே தட்டில் உண்டார், ஒரே குவளையில் குடித்தார். திரும்பி வந்தபோது பழைய கொள்கையைக் கைவிட்டிருந்தார். வெறுப்பு ஒடுக்கப்பட்டவனுக்கும் தொற்றும். அவனுக்கும் ஒரே தட்டு மருந்தாகும். நம் கடற்கரை ஊர்களில் இன்றும் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்கிறார்களே, அது வெறும் வழக்கமல்ல என்பதை அறிந்து கொள்ளுங்கள்.

வளைகுடாவில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் அந்நியர்கள். மொழி தெரியாமல், யாரோ ஒருவர் முகம் சுளிப்பதைத் தாங்கிக் கொண்டு, நமக்குப் பணம் அனுப்புகிறார்கள். அங்கே நம் பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்க வேண்டும் என்று தஹஜ்ஜுதில் கையேந்தும் தாய்மார்களே, உங்கள் தெருவில் குடியிருக்கும் அந்தப் பீஹார்ப் பிள்ளைக்கும் எங்கோ ஒரு தாய் கையேந்திக் கொண்டிருக்கிறாள்.

எனவே அந்த மாணவருக்கு நம் பதில் இது. தம்பி! இனவெறி நோய்தான், ஆனால் குற்றத்தை நீக்கும் நோயல்ல. டாக்டர்கள் தங்கள் பட்டியலில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், கிராமுன் காதிபீன் தங்கள் ஏட்டில் எழுதிக் கொண்டுதான் இருக்கிறார்கள். இதற்கு மருந்து தவ்பா. தவ்பாவுக்கு அடையாளம் கையில் உள்ள கோப்பையை நீட்டுவது.

வருகிற ரமலானில் நம் பள்ளியில் ஒரே மாதிரிக் கோப்பைதான் என்று ஜமாஅத்தாரிடம் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஆள் அதிகமானால் கழுவுகிற வேலையில் நாமும் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறோம். உங்கள் மஹல்லாவிலும் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கல்புகளிலுள்ள பெருமை என்ற நோயை நீக்குவாயாக! எங்களால் மனம் நொந்து, எங்களை விட்டுப் போனவர்களின் உள்ளத்தை நீ ஆற்றுவாயாக! அவர்கள் எங்களை மன்னிக்கும்படி செய்வாயாக! ஒரே ஸஃப்பில் நிற்கும் எங்களை ஒரே தட்டிலும் சேர்ப்பாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.